பத்தொன்பதாம் பக்கம்

ஜனவரி 12

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், அப்பாவேதான். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. நானும் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

நூலகத்து மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் பதினோரு மாதம் போனதன் பலன் இது. எழுபத்தொரு வயதில் உன் அப்பன் ஆளாகிவிட்டான். பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. சோப்புத்தூள் பையின் பின்பக்கத்தையும் விடாமல் படித்துவிட்டேன். 'கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் முப்பத்தாறு வருஷம் அந்தத் தூளோடு குடித்தனம் நடத்தினேன். எத்தனை தடவை கண்ணில் பட்டிருக்கும்! பையிலேயே எழுதி வைத்திருந்திருக்கிறார்கள்.

தினமும் சாயங்காலம் பேப்பரை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விடுகிறது. "அந்த ஆளு செத்தானா பொழைச்சானா, அதை மொதல்ல சொல்லுங்க. நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல இருக்கு" என்கிறாள். ஆனால் எழுந்து போவதில்லை. கருவி மாட்டிய வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீயும் வகுப்புக்கு வாயேன் என்றேன். "வீட்டுக்கு ஒரு ஆபீசர் போதும்" என்று சொல்லிவிட்டாள்.

முக்கியமான விஷயம். காதுக் கருவிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நானே படித்தேன். நம் மாடலுக்கான சேவையை ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிறுத்துகிறார்களாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, அம்மாவின் காதுக்குத் தகுந்தபடி ஒலியைச் சரிசெய்து தருவார்களே, அது இனி கிடையாது. கிளினிக்கில் இருக்கும் பெண்ணைக் கேட்டேன். "கம்பெனி பூட்டிட்டா எங்களால திறக்க முடியாது ஐயா. புது மாடல் வாங்கிக்குங்க" என்றாள். விலையைச் சொன்னாள். எனக்கே காது அடைத்துவிட்டது.

அம்மாவுக்கு இடது காது போய்ப் பதினைந்து வருஷம். வலது காதில் மிச்சம் இருப்பதும் கருவி சரியாக இருந்தால்தான். நீ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். வழி ஏதாவது உண்டா?

தன் கையாலேயே கையெழுத்துப் போடும்,
உன் அப்பா

---

ஜனவரி 27

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டு வேளை மட்டும் கொஞ்சம் முன்பின்னாகிறது.

வழி இருக்கிறது அப்பா. கம்பெனியின் மென்பொருள் மூடிய வகை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நன்றாகச் சோதித்துத்தான் தருவார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கடையைக் கட்டினால் நாம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று திறந்த வகை. சில பேர் சேர்ந்து எழுதுவோம். எழுதியதை ஒளிக்காமல் உலகத்துக்கு முன்னால் விரித்து வைப்போம். யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், பிழை இருந்தால் சொல்லலாம். யார் எந்தத் தேதியில் பிழையைச் சொன்னார், எந்தத் தேதியில் திருத்தினோம் என்பதும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். அதை அழிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம்.

கைவிடப்பட்ட காதுக் கருவிகளுக்காக அப்படி ஒன்றை நானும் ஐந்து பேரும் எழுதியிருக்கிறோம். இதுவரை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பீர்கள். சம்பளம் கிடையாது. பகலில் மூடிய வகையில் வேலை, அது சோறு போடுகிறது. வீட்டுக்கு வந்தபின் இது. அம்மாவின் மாடலுக்கும் இது வேலை செய்யும். யோசித்து எழுதுங்கள்.

அம்மாவின் காதுக்கு ஒரு முத்தம்.
பாப்பா

---

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். அம்மாவுக்கு லேசாக இருமல், சுடுதண்ணீரில் போய்விட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு என்று இரண்டு தடவை எழுதச் சொன்னாள். இது ஒன்று. நேரத்துக்குச் சாப்பிடு. இது இரண்டு.

நான் யோசித்தேன். சலவைக் கூடத்தில் பழைய இயந்திரம் நின்றுபோனால் பக்கத் தகட்டை நாங்களே கழற்றுவோம். பெல்ட் அறுந்ததா, அடைப்பா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்வோம். பிறகு புதிது வந்தது. தகட்டுக்கு சீல். தொட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்றார்கள். அது நின்றால் ஆள் வரும்வரை அழுக்குத் துணி கூரையைத் தொடும். அதனால் எனக்குத் திறந்த வகைதான் பிடிக்கிறது. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய இயந்திரத்தை நாங்கள் கழற்றி மாட்டியதில் ஒருவனுடைய விரல் போனது. யார் மாட்டியது என்று கேட்டபோது ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கம்பெனிக்காரன் தப்பு செய்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். உங்கள் ஆட்கள் தப்பு செய்தால் யார் சட்டையைப் பிடிப்பது? இதை அம்மாவிடம் கேட்டேன். "அவங்க சட்டையைப் பிடிக்கறதுக்குள்ள உங்க சட்டை கிழிஞ்சுடும். பாப்பா செஞ்சதுன்னா மாட்டிக்கிறேன்" என்றாள்.

யாரும் படிக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே. நானும் படிக்கலாமா?

அன்புடன் அப்பா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

நலம். நீங்கள் படிக்கக் கூடாதென்றால் வேறு யார் படிப்பது? கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரல் வேறு மொழி மாதிரி இருக்கும், அது வேண்டாம். செய்முறைக் கையேட்டைத் தமிழில் நானே எழுதியிருக்கிறேன். அச்செடுத்து அனுப்புகிறேன். கூடவே கேபிள், மென்பொருள் வைத்த பென்டிரைவ். கையேடு மூன்று பேர் சரிபார்த்தது, பயப்பட வேண்டாம்.

சட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையில் யார் சட்டையையும் பிடிக்க முடியாது. 'எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். கம்பெனியும் சின்ன எழுத்தில் அதையேதான் போட்டிருக்கும். ஆனால் அங்கே சரிபார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார். எங்களிடம் கண்கள் அதிகம், ஆள் இல்லை.

நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். ஏப்ரலில் விடுப்பு எடுத்து நானே வந்து அம்மாவுக்குச் செய்கிறேன்.

பாப்பா

---

மார்ச் 11

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

நான் நலம். அம்மாவும் நலம், காதைத் தவிர. ஒலி மங்கிக்கொண்டே போகிறது. பேப்பரைப் படித்தால் "இன்னும் சத்தமா" என்கிறாள். நேற்று நான் கத்திப் படித்ததைக் கேட்டு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "ஏன் பெரியவரே, புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்றார். விலைவாசிச் செய்தி என்று சொன்னேன். கிளினிக்கில் இந்த மாடலுக்கு இப்போதே நாள் கொடுப்பதில்லை.

பாப்பா, உன் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன்! முப்பத்திரண்டு பக்கம். என் வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் புத்தகம், அதுவும் என் மகள் எழுதியது. வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். அவர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், விரலை வைத்துக்கொண்டு. புரியாத வார்த்தையை மூன்று தடவை படித்தேன். 'பொறுமையாகச் செய்யவும்' என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறாய். சின்ன வயதில் உன்னிடம் இல்லாத குணம். அம்மா சிரித்தாள்.

நம் தெருமுனையில் செல்போன் பழுது பார்ப்பவர் இருக்கிறார். எல்லாரும் அவரைப் போன் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் கேபிளைக் காட்டினேன். "நீங்க படிச்சுச் சொல்லுங்க, நான் தட்டுறேன். பத்து நிமிஷ வேலை" என்றார். நீ வருவதாகச் சொன்னதால் வேண்டாம் என்றேன்.

மை தீர்ந்து வேறு பேனா மாற்றியிருக்கிறேன். வகுப்பில் புதிதாக ஒரு கொத்தனார் சேர்ந்திருக்கிறார். அவருக்கு 'ழ' வருவதில்லை. எனக்கு வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. ஆறாம் பக்கத்தில், கருவிக்கு ஒலியை அனுப்புமுன் உச்ச அளவை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும், பிறகு மெல்ல ஏற்ற வேண்டும் என்று இருக்கிறது. பத்தொன்பதாம் பக்கத்தில் அம்மாவின் மாடலுக்கு உரிய செய்முறை. அங்கே அந்த வரி இல்லை. பழைய மாடலுக்கு அது தேவையில்லையா? நான்தான் தப்பாகப் படித்திருப்பேன். சிரிக்காதே.

அப்பா

---

ஏப்ரல் 8

அன்புள்ள அப்பா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை கழுத்தைப் பிடிக்கிறது. கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது! 'ழ' பிரமாதம்.

விடுப்பு கிடைக்கவில்லை. ஜூலைக்கு முன் வர முடியாது. அதுவரை அம்மா கஷ்டப்பட வேண்டாம். போன் டாக்டரை வைத்துச் செய்துவிடுங்கள். கையேட்டில் எழுதியிருப்பதை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே செய்தால் போதும். எதுவும் ஆகாது.

அவசரத்தில்,
பாப்பா

---

ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீ நலமா?

நீ எழுதியபடியே வியாழக்கிழமை செய்துவிட்டோம். போன் டாக்டரின் கடையில். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன், அவர் தட்டினார். பத்தொன்பதாம் பக்கம் முழுவதும் தடுமாறாமல் படித்தேன். புரோகிராம் நன்றாக ஓடியது. கடைசியில் பச்சை விளக்கு எரியும் என்று எழுதியிருந்தாய், எரிந்தது.

இங்கே வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

---

மே 3

அன்புள்ள அப்பா,

குதித்தேன்! எங்கள் குழுவில் எல்லாருக்கும் சொன்னேன். 'எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்ற ஒருவர், நம் கையேட்டைத் தானே படித்து, மனைவிக்குக் கருவியைச் சரிசெய்தார்' என்று எங்கள் இணையப் பக்கத்தில் முதல் செய்தியாகப் போட்டிருக்கிறார்கள். யார் யாரோ உங்களுக்கு வாழ்த்து எழுதுகிறார்கள்.

அம்மா என்ன சொன்னாங்க? அதைத்தானே எழுதுவீர்கள், அதை விட்டுவிட்டீர்களே. மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை அம்மா குளிக்கிறாள் என்றீர்கள். இரண்டாம் முறையும் குளித்தார்கள். மூன்றாம் முறை தூங்கினார்கள். காலை பத்து மணிக்கு அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை.

பாப்பா

---

மே 14

அன்பு மகளுக்கு,

நலம். வாழ்த்து சொன்னவர்களுக்கு நன்றி சொல். வகுப்பில் இப்போது கடிதத்தில் பத்தி பிரிப்பது பற்றி நடக்கிறது. ஒரு விஷயம் முடிந்தால் அடுத்த வரியில் தொடங்க வேண்டுமாம்.

அம்மா கருவியைக் கழற்றி வைத்திருக்கிறாள். பழகக் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது. நீ வேலையைப் பார்.

பேப்பரை இப்போது மனதுக்குள் படிக்கப் பழகிவிட்டேன்.

அப்பா

---

ஜூன் 2

அப்பா,

இன்று காலை முன்பின் தெரியாத ஒருவர் எங்களுக்கு எழுதினார். 'பழைய மாடலுக்கான செய்முறையில் உச்ச அளவை இறக்கும் படி விட்டுப்போயிருக்கிறதே, நல்லவேளை நான் ஆறாம் பக்கத்தையும் பார்த்தேன்' என்று. போய்ப் பார்த்தேன். பத்தொன்பதாம் பக்கம். நான் எழுதிய பக்கம். சரிபார்த்த மூன்று பேரையும் கேட்டேன். முதல் ஆள் இரண்டாம் ஆள் பார்த்திருப்பார் என்று நினைத்தார். இரண்டாம் ஆள் முதல் ஆளை நினைத்தார். மூன்றாவது ஆள் நான். எழுதியதே நான்தான் என்பதால் திரும்பப் படிக்கவில்லை. கம்பெனி மென்பொருளில் அந்தப் படியைத் தாண்டவே விடாது, பூட்டியிருக்கும். நாங்கள் பூட்டு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

உடனே வரியைச் சேர்த்தேன். அப்புறம்தான் பத்தொன்பதாம் பக்கம் என்று வேறு எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. உங்கள் கடிதங்களை எடுத்தேன். மார்ச் 11.

அப்பா, அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும்தான் அன்றைக்குப் படித்தேன். பேனா மாற்றியது வரை. மீதியை அப்புறம் படிக்கலாம் என்று மேஜை டிராயரில் வைத்தேன். 'ழ' என்று ஒரு வரி கண்ணில் பட்டது, அதை வைத்துப் பதில் எழுதினேன். எழுதியபடியே செய்யச் சொன்னேன்.

அம்மாவுக்கு என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லுங்க.

பாப்பா

---

ஜூன் 9

பாப்பாவுக்கு,

நீ அழாதே. நான் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

கடையில் அந்த இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். "இங்க ஒரு வரி இல்லையே" என்றேன். போன் டாக்டர், "எழுதினது உங்க பொண்ணுதானே பெரியவரே, அவங்களுக்குத் தெரியாததா?" என்றார். "ஆமா, கேட்டு எழுதிட்டேன். எழுதினபடியே செய்யச் சொல்லிட்டா" என்றேன். அம்மா கருவியைக் காதில் மாட்டியபடியே ஸ்டூலில் உட்கார்ந்து, "சீக்கிரம் முடிங்கய்யா, அடுப்புல வேலை கெடக்கு" என்றாள். அவர் தட்டினார். கருவியிலிருந்து வந்த ஊளை, கடைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அம்மா காதைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலோடு சாய்ந்தாள். நான் போய்க் கருவியைப் பிடுங்குவதற்குள் முடிந்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது உண்மைதான். காது டாக்டர் இரண்டு தடவை சோதித்தார். மிச்சம் இருந்ததும் போய்விட்டது, இனி எந்தக் கருவியும் உதவாது என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் எந்தத் தாளையும் இரண்டு பேரிடம் காட்டிக் கேட்பேன். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் கைநாட்டு வைப்பேன். படிக்கத் தெரிந்தபின் அந்தப் புத்தியை விட்டுவிட்டேன். ஆறாம் பக்கம் என் மடியில்தான் இருந்தது. அதைப் பார்த்து நானே சொல்லியிருக்கலாம். என் மகள் எழுதியதில் தப்பு இருக்கும் என்று என் வாயால் சொல்ல வரவில்லை.

அந்தக் கம்பெனிப் பெட்டி மாதிரி மூடியிருந்தால், ஒரு வரி குறைகிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. திறந்திருந்தது. தெரிந்தது. தெரிந்து என்ன செய்தேன்?

உன்னிடம் மறைத்ததற்குக் கோபப்படாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் தேதி போட்டு எழுதி வைப்பீர்கள் என்றாயே. பிழையைத் திருத்தியதை எழுது. நான் மார்ச்சிலேயே சொன்னேன் என்பதை மட்டும் எழுதாதே. உலகம் முழுவதும் படிக்கும். உன் வேலை இடத்திலும் படிப்பார்கள். இது நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும்.

அப்பா

---

ஜூன் 26

அன்பு மகளுக்கு,

உன் உறை வந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். அச்செடுத்த ஒரு தாள் மட்டும் இருந்தது. படித்தேன்.

'பிழை: பக்கம் 19இல் பாதுகாப்புப் படி விடுபட்டது. எழுதியவர்: நான். பிழையை முதலில் சொன்னவர்: என் அப்பா. சொன்ன நாள்: மார்ச் 11. திருத்திய நாள்: ஜூன் 2. தாமதத்துக்குக் காரணம்: அவர் கடிதத்தை நான் முழுதாகப் படிக்கவில்லை. இடையில் பாதிக்கப்பட்டவர்: ஒருவர்.'

வேண்டாம் என்று சொன்னேன். நீ எழுதிவிட்டாய். கேட்கும் மகள் என்றால் ஆறு வயதிலேயே கேட்டிருப்பாய்.

அம்மா பக்கத்தில் இருந்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போதெல்லாம் உரக்கத்தான் பேசுகிறாள். "என்ன போட்டிருக்கா? எப்ப வராளாம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். படித்துச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு எல்லாம் படிக்கத் தெரியும். இவளுக்கு எப்படிச் சொல்வது?

அவள் தாளை வாங்கித் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். "இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள். நான் அவள் விரலைப் பிடித்து, கடைசி வரிக்குக் கொண்டுபோய், 'ஒருவர்' என்ற சொல்லின் மேல் வைத்தேன். அவள் விரலை எடுக்கவே இல்லை. பிறகு, "இவ்ளோ சின்னதா?" என்றாள்.

ஜூலையில் வா. வருமுன் போன் செய்யாதே, எழுது.

அப்பா